ரயில்வே சார் கொடுத்த லென்ஸும், நான் எழுதிய நாலு வரியும்!

அந்த நாலு வரியை எழுத எனக்கு 19 நாள்கள் ஆயின.

எழுதுவதுதான் என் வேலை. மழை, விபத்து, தங்கம் விலை... எது வந்தாலும் பத்து நிமிடத்தில் தலைப்பு வைத்து ஏற்றிவிடுவேன். ஆனால், ஒரு 200 பக்க லாங் சைஸ் நோட்டில், பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டியிருந்த நாலே நாலு வரி மட்டும் கைக்கு வரவே இல்லை. ஏனென்றால், அதில் எழுத வேண்டியது நான் செய்த தப்பை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

இதழியல் டிப்ளமோ முடித்துவிட்டு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். ஒரு ஷிஃப்ட்டில் முப்பது, நாற்பது படங்கள் என் கை வழியாகப் போகும். ஓரம் வெட்டுவேன், அளவைக் குறைப்பேன், கீழே ஒரு வரி எழுதுவேன். அவற்றில் ஒன்றுகூட நான் எடுத்த படம் கிடையாது. அந்த ஏக்கத்தில்தான் இரண்டு வருடச் சேமிப்பைப் போட்டு, ஒரு பழைய சோனி ஏ6000 கேமராவை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். அதோடு வந்த 16-50 கிட் லென்ஸ்தான் என் ஒரே சொத்து. ஊரில் இருக்கும் அம்மாவிடம் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன்.

கேமரா வந்துவிட்டது. எங்கே போய், எதைப் படமெடுப்பது? அலுவலகத்தில் ஒரு சீனியர்தான், "மயிலாப்பூர் குளக்கரையில ஒரு குரூப் சுத்துது, போய்ப் பாரு" என்றார்.

ஐந்து படம், ஒரு குறை!

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறு மணி. கபாலீஸ்வரர் கோயில் குளக்கரையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். சங்கம், பதிவு, சந்தா எதுவும் கிடையாது. குழுவுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஆட்களுக்கும் அப்படித்தான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், 'ரயில்வே சார்'. பல் மருத்துவரான அக்கா, 'டாக்டர் அக்கா'. வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன், 'பேங்க் அண்ணா'. கொரியர் டெலிவரி செய்யும் தம்பி, இரண்டு கல்லூரிப் பையன்கள். நான் போய்ச் சேர்ந்ததும் 'ரிப்போர்ட்டர் பாப்பா' ஆகிவிட்டேன்.

மாட வீதிகளைச் சுற்றி நடந்து படமெடுப்போம். நடுவில் லென்ஸ்களை மாற்றிக்கொள்வோம். ஒன்பது மணிக்கு ஒரு மெஸ்ஸில் பொங்கலும் காபியும். டாக்டர் அக்காவின் டேப்லெட் மேஜை மேல் வரும். ஒவ்வொருவரும் ஐந்து படங்கள் மட்டும் காட்டலாம். "நூறு படம் காட்டினா ஒண்ணையும் பார்க்க மாட்டாங்க. அஞ்சு காட்டினா அஞ்சையும் திட்டுவாங்க" என்பார் சார்.

படங்களை வாட்ஸ்அப்பில் பகிரவும் ஒரு விதி உண்டு. போட்டோவாக அனுப்பக் கூடாது, டாக்குமென்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர், எவ்வளவு ஷட்டர் ஸ்பீடு என்று படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல்களும் காணாமல் போகும். 'லென்ஸ் எப்படி?' என்று தெரிந்துகொள்ளத்தானே படமே கேட்கிறார்கள்!

கடைசியாக அந்த நோட்டு. ரயில்வேயில் எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர் வைத்துப் பழகியவர் அல்லவா? சார் கோடு போட்டு நாலு பத்தி பிரித்துவைத்திருப்பார். லென்ஸ், கேமரா, நிறை, குறை. அன்றைக்கு எந்த லென்ஸைப் போட்டு நடந்தாயோ, அதைப் பற்றி எழுத வேண்டும். நிறை பத்தியைக் காலியாக விடலாம். குறை பத்தி காலியாக இருந்தால் நோட்டை வாங்க மாட்டார்.

"எனக்குக் குறையே தெரியலையே சார்" என்றேன், முதல் நாள். என் கிட் லென்ஸைக் காட்டினேன்.

"கோயிலுக்குள்ள இருட்டுல எடுத்தியா?"

"எடுத்தேன் சார். புள்ளி புள்ளியா வந்துது."

"அதை எழுது."

எழுதினேன். '50-க்கு ஜூம் செய்தால் அப்பர்ச்சர் எஃப் 5.6-தான். அதற்குமேல் திறக்காது. இருட்டில் ஐ.எஸ்.ஓ 6400 வரை போக வேண்டியிருக்கிறது.' எழுதி முடித்தபோதுதான் என் லென்ஸைப் பற்றி எனக்கே ஒரு விஷயம் தெரிந்தது.

பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன். '50 மி.மீ. எஃப் 1.8: முழுக்கத் திறந்தால் வெள்ளை வேட்டி ஓரத்தில் ஊதாக் கோடு. எஃப் 4-ல் போய்விடுகிறது.' '70-300: பள்ளிக்கரணையில் பறவைகளுக்குப் போதவில்லை. 300-ல் இறகு மாவு மாதிரி இருக்கிறது.' 'அகலக் கோண லென்ஸ்: கோபுரம் பின்னால் சாய்கிறது. ஓரத்தில் நின்ற மாமா இரண்டு மடங்கு குண்டாகிவிட்டார், கோபித்துக்கொண்டார்.'

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் குறை பத்திக்குப் பணத்தில் மதிப்பு உண்டு. லென்ஸ் விற்பவர்கள் குறையைச் சொல்ல மாட்டார்கள். வீடியோவில் விமர்சனம் செய்கிறவர்களில் பலருக்கு லென்ஸ் இலவசமாக வருகிறது. எங்களை மாதிரி ஆள்களுக்கு ஒரு லென்ஸ் என்பது ஒரு மாதச் சம்பளம். கொரியர் தம்பி ஒரு விலை உயர்ந்த 85 மி.மீ. லென்ஸுக்காக ஒரு வருடமாகப் பணம் சேர்த்துவந்தான். டாக்டர் அக்காவிடம் இருந்த அதே லென்ஸை இரண்டு ஞாயிறு இரவல் வாங்கி நடந்தான். 'குறை: கனம். கடைக்குள் நின்று எடுக்கப் பின்னால் போக இடமில்லை' என்று எழுதினான். பிறகு பாதி விலையில் ஒரு 35 மி.மீ. வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தில் வண்டிக்கு டயர் மாற்றினான்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய கண்ணாடி

நவராத்திரி நேரம். வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மைக் கடைகள். சாயங்கால நடை அது. சார் அன்றைக்கு ஒரு பழைய தோல் உறையைத் திறந்து, கறுப்பு நிறத்தில் கனமான ஒரு லென்ஸை எடுத்தார். ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப் 2.

ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்து 'பயோட்டார்' லென்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றி, சோவியத் யூனியனில் செய்தது இந்த வகை. ஜெனித் கேமராக்களோடு உலகம் முழுக்கப் போனது. லென்ஸின் வரிசை எண் 83 என்று தொடங்கியது. முதல் இரண்டு இலக்கம் தயாரான வருடமாம், 1983.

"84-ல, முதல் போனஸ்ல மூர் மார்க்கெட்ல வாங்கினேன்மா, கேமராவோட. அடுத்த வருஷம் மார்க்கெட்டே எரிஞ்சுபோச்சு. கேமரா எப்பவோ செத்துடுச்சு. இது மட்டும் இருக்கு."

"நீங்க போட்டு எடுக்கலையா சார்?"

"இதுல ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கையால திருப்பணும். திருப்புறேன், எங்க நிக்கணும்னு கண்ணு சொல்ல மாட்டேங்குது. புரை விழுந்திருக்கு. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றார். நான்தான் தள்ளிப் போட்டுட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு லென்ஸை என்னிடம் நீட்டினார். "உன் கேமராவுல கோடு காட்டும்ல, ஃபோகஸ் ஆன இடத்துல? உனக்கு ஈஸி. பொங்கல் வரைக்கும் வெச்சுக்கோ. நோட்டுல மட்டும் எழுதிடு."

ஓர் அடாப்டர் வளையத்தில் திருகி, கேமராவில் மாட்டினேன். 'லென்ஸ் இல்லை' என்று கேமரா படமெடுக்க மறுத்தது. மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாமலும் எடுக்கலாம் என்ற ஆப்ஷனைப் போட்டுவிட்டார் பேங்க் அண்ணா. இரண்டு வளையங்கள் இருந்தன. ஒன்றில் அப்பர்ச்சரின் எல்லையைக் குறிக்க வேண்டும், இன்னொன்றால் திறந்து மூட வேண்டும். ஒரு படம் எடுக்க ஒரு நிமிடம் ஆனது.

ஆனால், அந்தப் படம்! ஒரு செட்டியார் பொம்மை. பின்னால் கடையின் சீரியல் விளக்குகள். பொம்மையின் மூக்கும் மீசையும் அவ்வளவு தெளிவு. பின்னால் இருந்த விளக்குகள் ஓரத்துக்குப் போகப் போகப் பூனைக் கண் மாதிரி நீண்டு, பொம்மையைச் சுற்றி வட்டமாக அடுக்கிவைத்தது போலச் சுழன்றன. "உன் கேமரா சென்சார் சின்னது, ஓரத்தை வெட்டிடுது. ஃபிலிம்ல இன்னும் சுத்தும்" என்றார் சார். எனக்கு இதுவே போதும் என்றிருந்தது. விரல் வலிக்க வலிக்க எட்டு மணி வரை எடுத்தேன். பொம்மைக் கடைக்கார அம்மா திரையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதையே நான் 150 ரூபா சொல்றேன், யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க. உன் படத்துல ஆயிரம் ரூபா பொம்மையா தெரியுறான்" என்றார்.

ஈரப்பதம் எழுதியவள்

அதன் பிறகு மழை தொடங்கியது. நவம்பர் நடை ரத்து. டிசம்பர் ஞாயிறு எனக்கு ஷிஃப்ட். மழை வந்தால் டிஜிட்டல் டெஸ்க்கில் விடுமுறை ஏது? எந்த ஏரி நிரம்பியது, எந்தப் பள்ளிக்கு லீவு, எந்த சுரங்கப்பாதை மூடல்... 'சென்னையில் ஈரப்பதம் 90 சதவிகிதத்தைத் தாண்டியது' என்று நானே எத்தனையோ முறை டைப் செய்தேன். திருவல்லிக்கேணி லேடீஸ் ஹாஸ்டலில், ஓதம் ஏறிய சுவரை ஒட்டி நிற்கும் என் இரும்பு அலமாரி ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. அதன் கீழ்த்தட்டில், இழுத்து மூடிய தோல் உறைக்குள், சாரின் லென்ஸ்.

மார்கழி பிறந்த வாரம், விடிகாலைக் கோலங்களை எடுக்கலாம் என்று லென்ஸை வெளியே எடுத்தேன். தெருவிளக்குக்கு எதிரே நின்று கோலம் போடுகிற ஒரு பாட்டியை எடுத்தேன். படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்தேன். லென்ஸின் முன்பக்கத்தைத் துடைத்தேன். மறுபடியும் அதே வெளுப்பு.

அறைக்கு வந்து, போன் டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து அடித்து, முன்னால் கண் வைத்துப் பார்த்தேன். உள்ளே, சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள். ஃபங்கஸ்.

அன்றைக்கு இரவு முழுக்க அதைப் பற்றியேதான் படித்தேன். காற்றோட்டமில்லாத இருட்டும் ஈரமும் சேர்ந்தால் கண்ணாடி மேலேயே பூஞ்சை வளரும். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லென்ஸை வாங்கும்போது வரும் உறை, பயணத்துக்குத்தானே தவிர, மாதக்கணக்கில் வைக்க அல்ல. பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் துடைத்துவிடலாம். அரித்துவிட்டால் தடம் நிரந்தரம்.

மறுநாள் அண்ணா சாலைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கேமரா மெக்கானிக் பாயிடம் ஓடினேன். லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்தார். 900 ரூபாய். திரும்பக் கொடுக்கும்போது, "நூல் எல்லாம் போயிடுச்சும்மா. ஆனா, ரெண்டு இடத்துல தின்னுடுச்சு. அது போகாது. சாதாரணமா எடுத்தா தெரியாது. விளக்குக்கு எதிர்ல எடுத்தா தெரியும்" என்றார்.

வெளியே வந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நாலு படம் எடுத்தேன். உண்மைதான். ஒன்றும் தெரியவில்லை.

அங்கேதான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஐந்து படங்களை மட்டும் காட்டலாம். குறை பத்தியில் 'கனம்' என்று எழுதலாம். சார் டார்ச் அடித்துப் பார்த்தாலும், புரை விழுந்த கண்ணுக்கு அரிசி அளவுத் தடம் தெரியாது. 40 வருடப் பழைய லென்ஸில் எப்போது வந்ததோ என்று நாளைக்கு யாரும் சொல்வார்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த யோசனையை நான் உடனே உதறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால், 19 நாள்கள் அதைச் சுமந்துகொண்டிருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் டெஸ்க்கில் ஒரு செய்தியில் தவறு வந்தால், சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. கீழே 'திருத்தம்' என்று போட்டு, எது தவறு, எது சரி என்று எழுத வேண்டும். அந்த வாரத்தில் இன்னொருவர் செய்த தவறுக்கு அப்படி ஒரு திருத்தம் எழுதியது நான்தான். இரண்டு நிமிடத்தில் எழுதினேன்.

யாரை ஏமாற்றப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. சாரை மட்டுமல்ல. அடுத்து அந்த லென்ஸை இரவல் வாங்கப்போகிற தம்பியை. நோட்டைப் படித்துவிட்டு, இதே லென்ஸைத் தேடி வாங்கப்போகிற கல்லூரிப் பையனை. 85 மி.மீ. பற்றி அவர்கள் பொய் எழுதியிருந்தால், கொரியர் தம்பியின் ஒரு வருடப் பணம் என்னவாகியிருக்கும்?

"நாப்பது வருஷம்..."

ஜனவரி முதல் ஞாயிறு. எல்லோரும் வருவதற்குள் சாரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. மெஸ்ஸில், காபிக்கு முன்னால், உறையைத் தள்ளி வைத்துவிட்டு லென்ஸை மட்டும் அவர் முன்னால் வைத்தேன்.

"சார்... ஃபங்கஸ் வந்துடுச்சு. நான்தான் சார் சரியா வைக்கல. சுத்தம் பண்ணிட்டேன், ஆனா தடம் இருக்கு."

சார் போன் டார்ச்சை அடித்து, லென்ஸைக் கிட்டே, தூரே என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார். தெரியவில்லை. டாக்டர் அக்காவிடம் நீட்டினார். "நீ பார்த்துச் சொல்லும்மா."

அக்கா பல் பார்ப்பது போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "முன் கண்ணாடிக்கு உள்பக்கம் சார். ஓரமா ரெண்டு இடம். அரிசி அளவு."

யாரும் பேசவில்லை. சார் லென்ஸை மூடி, சட்டைத் துணியால் துடைத்து, மேஜை மேல் வைத்தார்.

"நாப்பது வருஷம் என்கிட்ட சுத்தமா இருந்துச்சும்மா."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? "பரவாயில்லை" என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. காபி வந்தது. குடித்தோம். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். "எழுது."

எழுதினேன்.

'ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. சோனி ஏ6000.
நிறை: எஃப் 2-ல் பொம்மை முகம் தெளிவு. பின்னால் விளக்குகள் சுழல்கின்றன.
குறை: எதிர் வெளிச்சத்தில் படம் வெளுக்கிறது. உள்ளே ஃபங்கஸ் தின்ற தடம், இரண்டு இடம்.
காரணம்: இரண்டு மாதம் தோல் உறையில், ஓதம் ஏறிய அலமாரியில் வைத்திருந்தேன். இது லென்ஸின் குறை அல்ல, என் குறை.'

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோட்டை மூக்கருகே வைத்துப் படித்தார். தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு இரவே அம்மாவுக்கு போன் செய்து, கேமராவின் முழு விலையையும் சொல்லிவிட்டேன். அது தனிக் கதை!

அடுத்த வாரம் எல்லோரும் வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். பேங்க் அண்ணாவின் ஜூம் லென்ஸில் நூல் விடத் தொடங்கியிருந்தது. தடம் விழுவதற்குள் பிடித்துவிட்டார். இப்போது எங்களில் எல்லோரிடமும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே சிலிக்கா ஜெல். நீலமாக இருந்தால் டப்பா காய்ந்திருக்கிறது, ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் போட்டுவைத்திருக்கிறோம். 40-லிருந்து 50 சதவிகிதம் வரை இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்து, வெளிச்சம் படவிட்டு, படமெடுப்பது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவின் பழைய கேமரா உறையோடு தூங்கிக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

சார் அதன் பிறகு இரண்டு மாதம் எனக்கு எந்த லென்ஸும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பேசினார், என் ஐந்து படங்களையும் வழக்கம்போலத் திட்டினார். அவ்வளவுதான்.

பங்குனித் திருவிழாவில், அறுபத்து மூவர் அன்று, கூட்டத்துக்குள் என்னைத் தேடி வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"உன் கேமராவைக் கொடு."

பையிலிருந்து ஹீலியோஸை எடுத்து மாட்டினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாய்கிற வெயிலுக்கு நேர் எதிரே நின்று, வளையத்தைத் திருப்பித் திருப்பி, பல்லக்கு ஒன்றை எடுத்தார். திரையில் பார்த்தோம். வானம் வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்குள் பல்லக்குத் தூக்கிகளின் தோள்கள் மட்டும் கறுப்பாக, தெளிவாக நின்றன. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

நோட்டில் அன்றைக்கு அவர் எழுதியது: 'ஹீலியோஸ் 44-2. குறை: எதிர் வெயிலில் வெளுப்பு. காரணம் முன்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. இன்னொரு குறை: இந்தப் பெண்ணின் கேமரா ஸ்ட்ராப் ரொம்பக் குட்டை.'

கிளம்பும்போது லென்ஸைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தார். தோல் உறையைக் காணவில்லை.

"வாரா வாரம் ஜெல்லைப் பாரு. ரோஸ் ஆச்சுன்னா எனக்கு போன் பண்ணு."

இன்று காலைகூடப் பார்த்தேன். நீலமாகத்தான் இருக்கிறது.